இரண்டு கையாலும் அழுத்து

அப்போது நானும் அக்காவும் ஓசூரில் ஓர் ஒற்றை அறையில் குடியிருந்தோம். சொந்த ஊர் அரூர் பக்கம். அக்கா ஒரு சின்னக் கம்பெனியில் பிரஸ் ஓட்டினாள். தகட்டை வைத்தால் மேலிருந்து கனத்த இரும்புத் தலை இறங்கி, வட்டமாக வெட்டித் தள்ளும் இயந்திரம் அது. நான் டிகிரி முடித்துவிட்டு, பாகலூர் சாலையில் ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் ஃப்ளாஷ் படித்தேன். இணையப் பக்கத்தில் படங்களை அசைய வைக்கும் மென்பொருள். அதைப் படித்தால் பெங்களூரில் வேலை நிச்சயம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

முதன்முதலில் ஒரு சிவப்புப் பந்தை உருள வைத்த நாள் இன்னும் நினைவிருக்கிறது. தொடக்கத்தில் பந்தை இந்தக் கோடியில் வைத்தேன், முடிவில் அந்தக் கோடியில். நடுவில் வேண்டியதையெல்லாம் மென்பொருளே வரைந்துகொண்டது. அன்று வீடு திரும்பும்போது சாலையில் போன லாரிகள்கூட எனக்கு அப்படித்தான் நகர்ந்தன.

கடைசி மாதம் ஆளுக்கொரு புராஜெக்ட் செய்ய வேண்டும். மற்றவர்கள் வண்ணத்துப்பூச்சி, மீன்தொட்டி என்று ஆரம்பித்தார்கள். நான் அக்காவின் பிரஸ்ஸை வரைந்தேன். நேரில் பார்த்ததில்லை. சாப்பிடும்போது அவள் சொன்னதை வைத்தே வரைந்தேன். பச்சைப் பொத்தானை மௌஸால் தட்டினால் தலை இறங்கும், 'டங்' என்று சத்தம் வரும், வட்டத் தகடு கீழே விழும்.

அவளுடைய லீவு நாளில் சென்டருக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். வலது கையால் மௌஸைத் தட்டினாள். அதே நொடியில் அவளுடைய இடது கை வெறும் மேசையை அழுத்தியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

"என்னா புள்ள, ஒரு கையிலயே எறங்குது?"

"மௌஸ் ஒண்ணுதானக்கா இருக்கு."

"அப்ப இன்னொரு கை எங்க இருக்கும்? உள்ளதான் இருக்கும். ரெண்டு பக்கமும் பட்டன் இருக்கணும், ரெண்டையும் ஒண்ணா அமுக்குனாத்தான் எறங்கணும். இல்லன்னா வெரலு போயிரும்."

சென்டரில் பாடம் நடத்திய சாரிடம் கேட்டேன். அவர் வீட்டில் கன்னடம் பேசுபவர். எங்களிடம் நிதானமான தமிழில் பேசுவார். "அதெல்லாம் யாரும்மா பார்க்கப் போறாங்க? சவுண்டு நல்லா இருக்கு, அப்படியே கொடுத்துடு" என்றார்.

எனக்கு மனம் வரவில்லை. மென்பொருளோடு வந்த உதவிப் பக்கங்களை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். கீபோர்டில் இரண்டு எழுத்துகள் ஒரே நேரத்தில் அழுந்தியிருக்கின்றனவா என்று கேட்க ஒரு கட்டளை இருந்தது. அதை எழுதி ஓட வைக்க நான்கு நாளாயிற்று.

அடுத்த வாரம் அக்கா வந்தாள். இரண்டு பட்டனுக்கும் கீபோர்டில் பக்கத்துப் பக்கத்து எழுத்துகளை வைத்திருந்தேன். ஒரே கையின் இரண்டு விரல்களால் இரண்டையும் அமுக்கிக் காட்டினாள். "பாரு, ஏமாத்திட்டேன்." உடனே அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, இடக்கோடியில் ஓர் எழுத்து, வலக்கோடியில் ஓர் எண் என்று மாற்றினேன். இப்போது இரண்டு கையும் வேண்டும். பாதியில் ஒரு விரலை எடுத்தாள். இறங்கிக்கொண்டிருந்த தலை நின்று மேலே ஏறியது. "இது பிரஸ்ஸு" என்றாள்.

படியிறங்கும்போது கேட்டாள்: "இத ஊருக்கு எடுத்துட்டுப் போவ முடியுமா? நான் என்னா வேல செய்யறேன்னு அம்மாவுக்குப் புரியற மாதிரி எனக்குச் சொல்லவே வரல."

பொங்கலுக்குப் போனபோது சிடியோடு அம்மாவை அரூரில் ஒரு பிரவுசிங் சென்டருக்கு அழைத்துப்போனோம். அம்மா ஒரு பக்கம் அழுத்தினாள், அக்கா மறுபக்கம். 'டங்' என்றதும் அம்மா கையை உதறிக்கொண்டாள்.

"இதயா நாளெல்லாம் செய்யற?"

"ஆமா."

அம்மா அதன்பிறகு திரையைப் பார்க்கவில்லை. அக்காவின் இரண்டு கைகளையும் இழுத்து மடியில் வைத்து, ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.