வலக்கைக்கு நான் கேட்ட கையுறை

யாழ்ப்பாணத்துப் பெரிய கடை வீதிச் செல்லையா முதலாளி போய்விட்டார் என்ற செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் பஸ் கொண்டக்டர். நான் புகையிலைத் தோட்டத்தில் நின்றேன். பஸ்ஸை என் வேலியோரம் நிறுத்திவிட்டு, "அண்ணை, செல்லையா முதலாளி விடியக் காலமை மோசம் போட்டாராம்" என்று கத்தினார். என்னைக் கண்டால் பஸ் நிற்கும். பண்டத்தரிப்பில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கேட்டவுடன் கையிலிருந்த மண்வெட்டி நழுவி விழுந்தது என்று எழுத ஆசைதான். விழவில்லை. இன்னும் இரண்டு பாத்திக்குத் தண்ணீர் மாறிவிட்டுத்தான் கரையேறினேன். செத்தவீட்டுக்குப் போக எனக்கு முகம் இருக்கவில்லை. அதுதான் உண்மை.

ஆனாலும் போனேன். அங்கே அவருடைய மகன் சிவஞானம் என் கையைப் பிடித்துக்கொண்டு, முப்பத்தோராம் நாள் அவர் நினைவாக வெளியிடும் கல்வெட்டுப் புத்தகத்துக்கு நான்கு வரி எழுதித் தரவேண்டும் என்று கேட்டான். மற்றவர்கள் வெண்பாவும் விருத்தமும் எழுதுகிறார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். வாத்தியாருக்கே கணக்குத் திருத்திவிட்டேன் என்ற கோபத்தில் என்னை நிறுத்திவிட்டார்கள் என்று உங்களில் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். அதையும் இன்றைக்கு நம்பாமல் விட்டுவிடுங்கள். நான்கு வரியில் முடிகிற காரியம் அல்ல என்பதால் வசனமாகவே எழுதுகிறேன்.

முதலாளியை அறிந்த உங்களுக்கு அவருடைய கடையை நான் வருணிக்கத் தேவையில்லை. சிலேட்டு, குடை, சப்பாத்து, பந்து எல்லாம் அங்கே கிடைக்கும். எதைக் கேட்டாலும் அவர் வாயில் ஒரே வசனம்: "போட்டுப் பாத்திட்டுச் சொல்லுங்கோ." சாவகச்சேரி நீதிமன்றத்தில் வழக்காடும் பிறக்கிறாசியார் ஒருவர் தனக்குச் சப்பாத்து வாங்கி வரும்படி வேலைக்காரனை ஒருமுறை அனுப்பியிருந்தார். முதலாளி கொடுக்கவில்லை. "ஐயாவின்ரை கால் வரட்டும். உன்ரை வாய் சொல்லுற அளவுக்கு நான் சப்பாத்துக் குடுக்கேலாது" என்று திருப்பி அனுப்பினார். பிறக்கிறாசியார் கொதித்துக்கொண்டு கார் ஏறி வந்து, சப்பாத்தைப் போட்டுப் பார்த்து, வாங்கிக்கொண்டு சிரித்தபடி போனார். பக்கத்தில் நான் நின்றேன். நான் சொல்லித்தான் அவருடைய கோபம் ஆறியது என்று சொல்லித் திரிந்ததுண்டு. நான் வாயே திறக்கவில்லை.

இனி என் காரியத்துக்கு வருகிறேன். என் தங்கைக்கு ஒரே பிள்ளை, பரமேஸ்வரி. தகப்பன் இல்லை. படிப்பு, சட்டை, சப்பாத்து எல்லாவற்றுக்கும் அம்மான் நான்தான் பொறுப்பு. அவள் படித்த மிஷன் பாடசாலைக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு மிஸ்ஸியம்மா வந்தார். அவர் சொஃப்ட்போல் என்று ஒரு விளையாட்டைக் கொண்டுவந்தார். விளாம்பழம் அளவு பந்து. ஒருத்தி எறிய ஒருத்தி பொல்லால் அடித்துவிட்டு நாலு மூலையையும் சுற்றி ஓடவேண்டும். மற்றவர்கள் பந்தைப் பிடித்து எறிந்து அவளை மறிக்கவேண்டும். பிடிப்பவர்களுக்கு ஒரு கையில் மட்டும் தடித்த தோல் கையுறை. பரமேசு அதில் கெட்டிக்காரி. பாடசாலையின் பழைய கையுறைகள் கிழிந்துபோக, சொந்தமாக ஒன்று கொண்டு வருகிற பிள்ளைக்குப் பெற்றோர் தினப் போட்டியில் இடம் நிச்சயம் என்று மிஸ்ஸியம்மா சொல்லிவிட்டார். "அம்மான், வேண்டித் தருவியளோ?" என்று பரமேசு கேட்டாள். "யாழ்ப்பாணத்திலை உள்ளதிலை திறமானது உனக்குத்தான்" என்றேன்.

முதலாளி கடையில் கொழும்பிலிருந்து வந்த ஒரு கையுறைப் பெட்டி இருந்தது. அவர் முதலில் கேட்டது, "பிள்ளை எந்தக் கையாலை எறியிறவ?"

"வலக்கையாலைதான். எங்கடை குடும்பத்திலை இடக்கையர் இல்லை."

"அப்ப இடக்கைக்குப் போடுறது எடுங்கோ, அண்ணை. பிடிக்கிறது இடக்கை, எறியிறது வலக்கை."

"என்ன கதை கதைக்கிறீர் முதலாளி? ஒருத்தர் ஒண்டைத் தந்தால் இடக்கையாலை வேண்டுறதோ? கோயிலிலை விபூதியை எந்தக் கையாலை வேண்டுறனீர்?"

கடையில் நின்ற நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்கு உற்சாகம் ஏறிவிட்டது. முதலாளி சிரிக்காமல், "உது விபூதி இல்லை, பந்து" என்றார்.

"பந்தெண்டாலும் ஒருத்தர் எறிய மற்றவர் வேண்டுறதுதானே?"

பெட்டியின் அடியில் வலக்கைக்குரிய கையுறை ஒன்று கிடந்தது. அதை நானே எடுத்தேன். இடக்கையால் எறிகிறவர்களுக்கானது தவறி வந்துவிட்டது, திருப்பி அனுப்ப வைத்திருக்கிறேன் என்றார் முதலாளி. நான் என் கையை நுழைத்துப் பார்த்தேன். எனக்கே கொஞ்சம் தாராளம். "வளருவா எண்டு பெரிசா எடுக்காதேங்கோ. சட்டை இல்லை உது. விரல் நுனி தோலிலை முட்டவேணும், இல்லாட்டில் பந்து கையை விட்டுப் போயிடும்" என்றார். கடைசியில், "பிள்ளையைக் கூட்டிவாங்கோ. போட்டுப் பாத்திட்டுச் சொல்லட்டும்" என்றார்.

"குமர்ப்பிள்ளையைக் கொண்டுவந்து பெரிய கடையிலை நிப்பாட்டச் சொல்லுறீரோ?" என்று நான் குரலை உயர்த்தினேன். அவர் கடதாசியை எடுத்துப் பொதி கட்டத் தொடங்கினார். பொதியைக் கட்டித் தந்தபோது, "நல்லெண்ணெய் பூசி, பந்தை உள்ளுக்கை வைச்சுக் கட்டிவிடுங்கோ, தோல் இளகும். பிழைச்சால் உடனை கொண்டு வாங்கோ, மாத்தித் தாறன்" என்றார்.

பரமேசு போட்டுப் பார்த்துவிட்டு முகம் சுருங்கினாள். "அம்மான், இது மற்றக் கைக்கெல்லோ? அங்கை எல்லாரும் இடக்கையிலைதான் போடுகினம்."

"அவை வேதக்காரப் பிள்ளையள். நாங்கள் சைவக்காரர், வலக்கையாலைதான் வேண்டுவம். அமெரிக்காவிலையே பெரிய ஆட்டக்காரர் வலக்கையிலைதான் போடுறவை. முதலாளியும் நானும் படம் பாத்துத்தான் எடுத்தனாங்கள்."

படமும் இல்லை, ஒன்றும் இல்லை. அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு, "அம்மான் சொன்னால் சரி" என்று எண்ணெய் பூசத் தொடங்கினாள்.

பெற்றோர் தினத்தன்று நான் முன்வரிசையில் சால்வையை மடித்துப் போட்டுக்கொண்டு இருந்தேன். பந்து பரமேசிடம் வந்தது. வடிவாகப் பிடித்தாள். நான் எழும்பி நின்று கைதட்டினேன். பிறகுதான் தெரிந்தது, எறிகிற கை கையுறைக்குள் இருக்கிறது என்று. தெரியாத இடக்கையால் எறிந்தாள். பந்து தலைமையாசிரியையின் காலடியில் போய் விழுந்தது. சனம் சிரித்தது. அடுத்த முறை கையுறையைக் கழற்றிவிட்டு எறியப் பார்த்தாள். பெரிய கையுறை, பந்தோடு கழன்று புல்லில் விழுந்தது. அவள் குனிந்து தேடுகிற நேரத்துக்குள் மற்றப் பக்கத்துப் பிள்ளை நாலு மூலையையும் சுற்றிவிட்டாள். மிஸ்ஸியம்மா ஓடிவந்து பார்த்துவிட்டு, தன் கொச்சைத் தமிழில், "இது இடக்கைப் பிள்ளைக்கு உள்ளது. யார் வாங்கினது?" என்று எல்லோருக்கும் கேட்கக் கேட்டார்.

பரமேசு என்னைத் திரும்பிப் பார்த்தாள். தங்கச்சி பார்த்தாள். அந்தப் பந்தலில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. "நான்தான், என் பிடிவாதம்" என்று சொல்ல ஒரு மூச்சு நேரம் கிடைத்தது. அந்த மூச்சில் நான் சொன்னது இது: "பெரிய கடைச் செல்லையா ஏமாத்திப்போட்டான்! நான் இடக்கைக்குத்தான் கேட்டனான். விலைப்படாத சாமானை என்ரை தலையிலை கட்டிப்போட்டான்."

சொல்லி முடிந்ததும் சபை "அடப் பாவி" என்று முதலாளியைத் திட்டியது. பரமேசுவின் முகத்திலிருந்து பாரம் இறங்கியதைக் கண்டேன். அம்மான் பிழைவிடவில்லை என்று அவளுக்கு ஆறுதல். அதற்குப் பிறகு என்னால் பின்வாங்க முடியவில்லை. முடியவில்லை என்பதும் ஒரு சாட்டுத்தான், விருப்பமில்லை. பஸ்ஸிலும் கோயில் வீதியிலும் சொன்னேன். ஒவ்வொரு முறையும் கதை கொஞ்சம் கொழுத்தது. நான் வெளியே வெற்றிலை வாங்கப் போன நேரம் பார்த்துப் பொதியை மாற்றினார் என்று கூடச் சொன்னேன். சில பாடசாலைகள் அவரிடம் சாமான் எடுப்பதை நிறுத்தின. உங்களில் சிலரும் நிறுத்தினீர்கள். என்னை நம்பி நிறுத்தினீர்கள்.

இரண்டு கிழமையில் மிஸ்ஸியம்மா அந்தக் கையுறையோடு கடைக்கே போனார். முதலாளி அதை வாங்கி வைத்துக்கொண்டு, இடக்கைக்குரிய சின்னது ஒன்றைக் கொடுத்து, "பிழை என்னிலைதான், அம்மா. பிள்ளையிட்டைச் சொல்லிவிடுங்கோ" என்றாராம். பரமேசு இதை வந்து என்னிடம் சொன்னாள். என் வாய் சும்மா இருக்குமா? "ஒப்புக்கொள்ள வைக்காமல் விடுவனோ? நான் போய் வெருட்டின வெருட்டு அப்பிடி" என்றேன். அடுத்த வருடம் அவள் அணித்தலைவியானாள். அந்தப் புகழிலும் நான் பாதி எடுத்துக்கொண்டேன்.

முதலாளி ஏன் பிழையைத் தன்மேல் போட்டுக்கொண்டார் என்று எனக்குப் பல வருடம் விளங்கவில்லை. செத்தவீட்டில் சிவஞானம்தான் சொன்னான். "நானும் அப்பாவோடை சண்டை பிடிச்சனான், மாமா. ஏன் உண்மையைச் சொல்லேல்லை எண்டு. 'தேப்பன் இல்லாத பிள்ளை. அதுக்கு அம்மான் ஒருத்தர்தான் இருக்கிறார். அவரையும் நான் பொய்யனாக்கிக் குடுக்கிறதோ?' எண்டவர்." சிவஞானம் இதைக் கோபமில்லாமல் சொன்னான். கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

போன வெள்ளிக்கிழமை பரமேசுவின் வீட்டுக்குப் போனேன். அவள் இப்போது இரண்டு பிள்ளைக்குத் தாய். முற்றத்தில் வைத்தே முழுவதையும் சொன்னேன். ஏசுவாள் என்று நினைத்தேன். அவள் ஏசவில்லை. "நல்லூர்த் திருவிழாவிலை அவர் என்னைக் கண்டு சிரிச்சவர், அம்மான். 'பிள்ளை, இப்பவும் விளையாடுறியோ?' எண்டு கேட்டவர். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனனான். அவர் கள்ளன் எண்டு நினைச்சு. இனி நான் ஆரிட்டைப் போய் என்னத்தைச் சொல்லுறது?" என்றாள்.

இப்படியான கட்டுரையின் முடிவில், போனவரிடமிருந்து எதை வைத்திருக்கிறோம் என்று எழுதவேண்டுமாம். என்னிடம் இருப்பது ஒரு குரல். அந்தப் பொய்க்குப் பிறகு பெரிய கடையால் நான் போகும்போதெல்லாம் அவர் உள்ளேயிருந்து, "அண்ணை, வெயிலுக்கை போறியள், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்று கூப்பிடுவார். நான் காது கேளாதவன் போல எதிர்ப்பக்கத்துக்கு மாறிவிடுவேன். எங்கோ தூரத்து மயிலிட்டிச் சந்தியில் ஒருவர் கதைத்தால் பண்டத்தரிப்பில் கேட்கும் காது எனக்கு என்று பெருமையடித்தவன், பத்து முழத்தில் நின்று கூப்பிட்டவரைக் கேட்கவில்லை.

இதுவரை எழுதியதைப் படித்த சிவஞானம், "இதை அச்சிலை போட்டால் போதும், மாமா. சபையிலை வாசிக்கிறதெண்டால் வேறை ஆரும் வாசிக்கட்டும், உங்களுக்கு வெக்கம்" என்றான். வேண்டாம் என்றேன். பொய்யை நான் ஆளை வைத்துச் சொல்லவில்லை. முப்பத்தோராம் நாள் நானே எழும்பி நின்று, ஒரு சொல் கூட்டாமல் வாசிப்பேன். பரமேசுவை முன்வரிசையில் வந்து இருக்கச் சொல்லியிருக்கிறேன்.