வடக்கனந்தல் சாலையில் ஒரு குழூஉக்குறி

தகுதி வழக்கு மூன்று. சபையில் சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் சொன்னால் இடக்கரடக்கல். செத்தார் என்பதை இறைவனடி சேர்ந்தார் என்றால் மங்கலம். இவ்விரண்டிலும் எனக்குச் சிக்கலில்லை. மூன்றாவதான குழூஉக்குறிதான் படுத்தியது. ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் புரியும்படி வைத்துக்கொள்ளும் சொல் அது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பார்கள் என்றது பாடம். கள்ளக்குறிச்சியில் மூன்று பட்டறைகளில் ஏறிக் கேட்டேன். மூவருமே இல்லை என்றார்கள். ஒருவர் என்னைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். நம்பிக்கை வராத சொல் மனதில் எப்படி நிற்கும்? புலவர் தேர்வின் இலக்கணத் தாளில் இரண்டு முறை தவறினேன்.

அப்போது கல்வராயன் மலையில் தொடக்கப்பள்ளி ஆசிரியனாக இருந்தேன். மறு ஆண்டு பாடத்திட்டம் மாறுகிறது. மூன்றாம் முறையும் தவறினால் ஏழு தாள்களையும் முதலிலிருந்து எழுத வேண்டும். அந்தத் தெம்பு எனக்கில்லை.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம். தேர்வன்று நான்கு பேனாக்களோடு மலையிறங்கி, நுழைவுச் சீட்டை ஆறு முறை தொட்டுப் பார்த்துவிட்டு பஸ் ஏறினேன். வடக்கனந்தலைத் தாண்டியதும் பஸ் நின்றது. சாலைக்குக் குறுக்கே வெட்டிச் சாய்த்த இரண்டு புளியமரங்கள். அவற்றுக்கு முன்னால் பத்தொன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். மணி எட்டேகால். கள்ளக்குறிச்சியில் பத்து மணிக்குத் தேர்வு. நான் இறங்கி மரங்களருகே போய் நின்றேன்.

எதிர்த் திசையிலிருந்து சைக்கிளில் ஒருவர் மிதித்துக்கொண்டு வந்தார். “சம்பந்தி வூட்டு வண்டி வருது. பந்திய எடுத்துடுங்க” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளிலிருந்து இறங்கினார். பத்தொன்பது பேரும் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து சாலையோரக் கரும்புக்குள் போனார்கள். ஐந்து நிமிடத்தில் போலீஸ் ஜீப் வந்தது. மரங்களைப் பார்த்தது, எங்கள் டிரைவரை அதட்டியது, வந்த வழியே திரும்பியது.

எனக்குச் சட்டென்று விளங்கியது. சம்பந்தி என்றால் போலீஸ், பந்தி என்றால் மறியல்! பாடப்புத்தகத்தில் செத்துக் கிடந்த சொல் என் கண்ணெதிரே எழுந்து கரும்புக்குள் ஓடியிருந்தது. தேர்வையே மறந்து, மரத்தின்மேல் நோட்டை வைத்து இரண்டையும் பொருளோடு எழுதினேன். அடியில் இரண்டு கோடும் போட்டேன்.

நிமிர்ந்தபோது அவர்கள் என்னைச் சுற்றி நின்றார்கள்.

“இன்னா எழுதிக்கினு இருக்கீங்க?” என்றார் ஒரு நரைமீசைக்காரர்.

இலக்கணம் என்றேன். சிஐடிக்காரன் என்று பின்னாலிருந்து குரல் வந்தது. நரைமீசைக்காரர் நோட்டைப் பிடுங்கி உரக்கப் படித்தார். இடக்கரடக்கலுக்கு நான் எழுதி வைத்திருந்த எடுத்துக்காட்டு ‘கால் கழுவி வந்தேன்’.

“கால் கழுவறதுக்குக் கூடவா பரீட்ச வைக்கறாங்க?” என்றார். சிரிப்பு பரவியது. இதுக்கு ஃபெயில் வேற ஆவாங்களா என்று ஒருவர் கேட்டார். நான் இரண்டு முறை ஆகியிருக்கிறேன் என்றேன். சிரிப்பு இன்னும் அதிகமானது.

ஆனால் அடுத்த பக்கத்தைப் படித்ததும் நரைமீசைக்காரர் முகம் மாறியது. அந்தத் தாளைக் கிழித்து மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்தார். “இது எங்ககிட்ட இருக்கட்டும், வாத்தியாரே. பரீட்சையிலயும் எழுதாதீங்க. திருத்தறவரு யாரு சம்பந்தியோ?”

எழுத மாட்டேன், தேர்வு பத்து மணிக்கு என்றேன். பிறகு அந்தச் சைக்கிள்காரரிடமே என்னை ஏற்றிப் போகச் சொன்னார். கரும்புக்கு நடுவே வண்டித் தடத்தில் போனோம். வழியெல்லாம் அவர் என்னிடம் ஏதேதோ கேட்டுக்கொண்டே மிதித்தார். எங்க பேச்சுக்கும் பேர் வச்சிருக்காங்களா என்று மட்டும் மூன்று முறை கேட்டார். நானும் மூன்று முறை ஆமாம் என்றேன்.

பத்து இருபத்திரண்டுக்குத் தேர்வறைக்குள் நுழைந்தேன். எட்டு நிமிடம் கழித்து வந்திருந்தால் விட்டிருக்க மாட்டார்கள். நான்காவது கேள்வி தகுதி வழக்கு. ‘சம்பந்தி’ என்று எழுதக் கை துடித்தது. எழுதவில்லை. ஆனால் நான்கு பேர் எதற்காக ஒரு சொல்லை ஒளிக்கிறார்கள், அதை நம்பி மற்றவர்கள் எப்படி எழுந்து போகிறார்கள் என்று, எந்தப் புத்தகத்திலும் இல்லாத விளக்கம் ஒன்றேகால் பக்கம் எழுதினேன். மனப்பாடம் செய்யாமல் நான் எழுதிய முதல் விடை அது. தாளில் ஐம்பத்து மூன்று வாங்கித் தேறினேன்.