காகிதத்தில் நான் தின்ற கோழி

எங்கள் ஊரை முன்னேற்றுவதற்கு ஒரு ஜீப் வந்தது. அதற்கு முன்னால் முன்னேற்ற வந்தவர்கள் எல்லாம் ஓட்டுக் கேட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போனவர்கள். இவர்கள் அப்படியில்லை, படித்தவர்கள். ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் பொதுச் சுகாதார ஆராய்ச்சி மையம் என்றார்கள். அருப்புக்கோட்டையில் ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்து, வாசலில் ‘ஏழை பணக்காரர் எல்லோருக்கும் சம நலவாழ்வு’ என்று நீலப் பலகை மாட்டியிருந்தார்கள். பலகையை நான் குறை சொல்ல மாட்டேன். நல்ல கெட்டிப் பலகை.

அது அறுபதுகளின் கடைசி. திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கரிசல் காட்டுக்குள் நடந்தால் எங்கள் ஊர். நான் அங்கே வாக்கப்பட்டுப் போனவள். புகுந்த வீட்டுக்கு நிலம் நிறைய, பேர் அதைவிடப் பெரிது. மழைதான் இல்லை. தானியம் கொட்டி வைக்கிற குலுக்கையில் கம்பு அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. அதை இடித்துக் கூழ் காய்ச்சினால் முதலில் என் வீட்டுக்காரரும் கொழுந்தன்மாரும் குடிப்பார்கள், பிறகு மாமியார், கடைசியில் நான். சட்டியில் என்ன ஒட்டியிருக்கிறதோ அது என் பங்கு. யாரும் என்னைக் கொடுமைப்படுத்தவில்லை. என் மாமியாரும் மருமகளாக இருந்த காலத்தில் சட்டியைத்தான் வழித்திருக்கிறார். ஊர் வழக்கமே அதுதான்.

நான் அப்போது இரண்டாம் முறை உண்டாகியிருந்தேன். முதல் பிள்ளை குறைமாதத்தில் பிறந்து, பேர் வைக்கும் முன்பே போய்விட்டது. ஜீப்பில் வந்த நர்சம்மா கோயில் முன்னால் முகாம் போட்டு உண்டான பெண்களை எல்லாம் பார்த்தார். என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார்.

“ஒடம்புல ரத்தமே இல்லையேம்மா. இப்படியே பிரசவத்துக்குப் போனா இந்தப் பிள்ளையும் தங்காது. நீயும் தாங்க மாட்டே.”

 அன்றைக்கே அதற்கு ஒரு வழியும் பிறந்தது. மையத்தின் பெரிய டாக்டர் ஊர்க்கூட்டம் போட்டார். இரண்டு ஊர்களைப் பார்த்திருக்கிறார்களாம், எங்கள் ஊர் ஒன்று, வறண்டு கிடந்த கண்மாய்க்கு அந்தப்பக்கம் இருக்கிற ஊர் ஒன்று. இரண்டிலும் வீட்டுக்கு வீடு மூன்று நாள் சாப்பாட்டைத் தராசில் நிறுத்துப் பார்ப்பார்கள். எந்த ஊரில் சாப்பாடு குறைவோ அந்த ஊருக்கு வாரம் தவறாமல் நர்சு வருவார், ரத்தம் ஊற மாத்திரையும் பாலும் கொடுப்பார், பிரசவ வலி கண்டால் ஜீப் வரும். இன்னொரு ஊருக்கு ஒன்றும் கிடையாது. ஒன்றும் கொடுக்காத ஊர் ஒன்று இருந்தால்தான் கொடுத்ததனால் என்ன லாபம் என்று ஒப்பிட்டுப் பார்க்க முடியுமாம். சம நலவாழ்வுக்கு இப்படி ஒரு வழி இருப்பது எங்களுக்கு அதுவரை தெரியாது.

உள்ளது உள்ளபடி கூழைக் காட்டினால் போதும். பிள்ளை பிழைத்துவிடும். நான் சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன். அங்கே மாமியார் குத்துக்கல்லாய் உட்கார்ந்திருந்தார்.

“வேத்து மனுசி வீட்டுக்குள்ள வந்து அடுப்படியில உக்காரப் போறா. அவ முன்னாடி கூழ்ச்சட்டியவா எறக்கி வைக்கச் சொல்ற?”

“அதத்தான அத்தை பாக்க வாராக. கூழுன்னாத்தான் நமக்கு மாத்திரை.”

“மாத்திரைய எங்கயும் வாங்கிக்கிறலாம். போன மானத்த எந்தச் சந்தையில வாங்குறது?”

என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “மூணு நாளுதான, சமாளிச்சிருவோம்” என்றார். எதைச் சமாளிக்க வேண்டும் என்பதே அவருக்குப் புரியவில்லை.

மறுநாள் நரிக்குடிப் பக்கம் இருக்கிற மாமியாரின் அண்ணன் வீட்டிலிருந்து அரிசி மூட்டை பஸ்ஸில் வந்து இறங்கியது. அங்கே கண்மாய்ப் பாசனம், நெல்லுக்குப் பஞ்சமில்லை. எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்தால் அது கௌரவம். எல்லா வீட்டுக்கும் எங்கிருந்தோ வந்ததே, அதை என்னவென்று சொல்ல. கஞ்சிக்கு உப்பில்லாத வீட்டில் நெய் உருகியது. பொங்கலுக்குக்கூட எங்கள் தெரு அப்படி மணந்ததில்லை.

தராசோடு வந்தது மதராசிலிருந்து வந்த ஒரு சின்னப் பெண். என் வயதுதான் இருக்கும். அரிசியைக் களையும் முன்னால் நிறுப்பாள், பருப்பை நிறுப்பாள், எண்ணெயை அளப்பாள். சாப்பிட்டு முடித்ததும் மிச்சத்தை நிறுப்பாள். இரண்டாம் நாள் மாமியார் முட்டையிடுகிற கோழியைப் பிடித்து அறுத்துவிட்டார். அந்தப் பெண் அதையும் நிறுத்தாள். அவளை வெறும் வயிற்றோடு அனுப்புவோமா? உட்கார வைத்துத் தொடையைப் போட்டோம். நன்றாகவே சாப்பிட்டாள், பாவம், எந்த ஊர்ச் சாப்பாட்டுக்கு ஏங்கியிருந்தாளோ. மற்றதை ஆம்பளைகள் சாப்பிட்டார்கள். எனக்குக் கழுத்தெலும்பும் குழம்பும் வந்தது. விருந்தானாலும் வரிசை வரிசைதானே.

மூன்றாம் நாள், மாமியார் கொல்லைப்பக்கம் போன நேரம், நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அம்மா, இதெல்லாம் ஓசி அரிசி. நாங்க தெனமும் திங்கிறது கம்பங்கூழு. அதுவும் எனக்கு வழிச்சதுதான். அத எழுதிக்கோங்க.”

அவள் அன்பாகத்தான் சிரித்தாள். “நான் கேட்டதை எல்லாம் எழுதக்கூடாதும்மா. தராசுல என்ன ஏறுதோ அதைத்தான் எழுதணும். அதுதான் விஞ்ஞானம்.”

“சரி, இந்தச் சோத்துல நான் எம்புட்டுத் தின்னேன்னாவது பாத்தீகளா?”

அதற்கும் அவளிடம் கணக்கு இருந்தது. யார் எவ்வளவு தின்றார்கள் என்று தட்டுத் தட்டாக நிறுக்க நேரம் கிடையாதாம். மொத்தச் சோற்றையும் கணக்கில் ஆட்களுக்குப் பிரிப்பார்களாம். வயிற்றுப் பிள்ளைக்காரிக்குத் தேவை அதிகம் என்பதால் அவள் பேருக்குக் கூடுதல் பங்கு போட்டுவிடுவார்களாம். “உங்களுக்குத்தான் வீட்லயே பெரிய பங்கு போட்டிருக்கேன்” என்று அவள் காகிதத்தைக் காட்டினாள். என் வீட்டுக்காரரைவிட, காட்டில் உழுகிற கொழுந்தன்மாரைவிட நான் அதிகம் தின்றிருந்தேன். அந்தக் கோழியில் பெரும்பகுதி என் வயிற்றுக்குள் போயிருந்தது. தின்றவளுக்குத்தான் தகவல் வரவில்லை.

மாதம் திரும்பும் முன்னால் முடிவு வந்தது. எங்கள் ஊரில் பெண்கள் தேவைக்கு மேலேயே சாப்பிடுகிறார்கள். நர்சும் பாலும் ஜீப்பும் கண்மாய்க்கு அந்தப்பக்கம் போயின. அந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும் ரோசம் இல்லையா என்ன? நெல் கொடுக்கிற சொந்தம்தான் இல்லை. எங்கள் ஊர் ஆம்பளைகள் சாவடியில் உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டார்கள். ஆராய்ச்சி பண்ணி நம்மைச் சாப்பாட்டுக்காரன் என்று சொல்லிவிட்டார்களே என்று ஒருவருக்குப் பெருமை தாங்கவில்லை.

எனக்கு வயிறு எரிந்தது. கண்மாய்க்கரை ஏறி அந்த ஊருக்கே நடந்து போனேன். வழியில் மூச்சு வாங்கி எத்தனை இடத்தில் உட்கார்ந்தேனோ. அதே நர்சம்மாதான் இருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் கறுத்துவிட்டது.

“உங்க ஊருக்குக் குடுக்கக்கூடாதும்மா. உங்களுக்குக் குடுத்தா ரெண்டு ஊரும் ஒண்ணாயிரும், ஆராய்ச்சி கெட்டுப்போயிரும்னு கண்டிப்பாச் சொல்லியிருக்காங்க. என் வேலை போயிரும்.”

ஆராய்ச்சி கெடக்கூடாது என்று நானும் திரும்பி வந்துவிட்டேன்.

நான் வந்து விழுந்த கோலத்தைப் பார்த்த பிறகுதான் என் வீட்டுக்காரருக்கு உறைத்தது. பக்கத்து வீட்டில் நெருப்புக்குச்சி கேட்பதற்கே கூசுகிற மனிதர். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் போய், அந்த மாடி வீட்டில் பத்துப் பேர் பார்க்க, பெரிய டாக்டர் முன்னால் நின்று, எங்கள் வீட்டில் கூழ்தான், அரிசி இரவல், என் பொண்டாட்டி சட்டியை வழித்துத் தின்கிறவள் என்று சொல்லியிருக்கிறார். அந்த வீட்டில் பிறந்த ஆம்பளை அதைச் சொல்வதற்கு என்ன பாடுபட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். இருட்டுகிற நேரத்துக்குத் திரும்பி வந்தார். செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுத் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

“நெசத்தச் சொன்னேன். சிரிக்கிறாக. இனாமாக் கெடைக்குதுன்னா எல்லாரும் பஞ்சப்பாட்டுத்தான் பாடுவீங்கன்னு சொல்லிட்டாக.”

வீட்டுக்கு வந்தபோது சொன்ன பொய்யை நிறுத்து எழுதிக்கொண்டார்கள். தேடிப்போய்ச் சொன்ன நிசத்தை நிறுக்கத்தான் அவர்களிடம் தராசு இல்லை.

அதற்குப் பிறகு அவர் வயிறு சரியில்லை என்று தன் கூழில் பாதியை வைத்துவிட்டு எழுந்திருப்பார். மாமியாரும் முருங்கைக்கீரையை வதக்கி முதலில் எனக்கு வைத்தார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அந்த அம்மாவுக்குத் தெரிந்த பெருமை வீட்டு மானம் ஒன்றுதான். ஆனால் கடைசி மாதங்களில் வைத்த கீரைக்கும் பாதிக் கூழுக்கும் எவ்வளவு ரத்தம் ஊறும்?

வலி கண்டது பகலில். ஜீப் கண்மாய்க்கு அந்தப்பக்கம்தான் நின்றது, எங்கள் களத்திலிருந்து பார்த்தால் தெரியும். என் வீட்டுக்காரர் ஓடிப்போய்க் கேட்டிருக்கிறார். அந்த ஊர்ப் பிரசவத்துக்கு என்று நிறுத்தியிருக்கிறது, எடுக்க முடியாது என்று டிரைவர் சொல்லிவிட்டாராம். மாட்டு வண்டியில் ஏற்றினார்கள். பாதி வழியில் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. அழவில்லை. நான் பிழைத்ததே பெரிது என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் கேட்டுக்கொண்டேன்.

சில வாரம் கழித்துத் தராசுக்காரப் பெண் வந்தாள். இந்த முறை தராசு இல்லை. இரண்டு ஊரிலும் பிறப்பு இறப்பு எடுக்கிறார்களாம். என் முன்னால் உட்கார்ந்து பிள்ளை எப்போது பிறந்தது, எப்போது இறந்தது என்று மெதுவாகக் கேட்டாள். இரண்டுக்கும் ஒரே பதிலைச் சொன்னேன். பிறகு, “என்ன காரணத்தால?” என்றாள்.

“எழுதிக்கோங்கம்மா,” என்றேன். “உங்க கணக்குல எங்க வீட்லயே நாந்தான ரொம்பத் தின்னவ. தாய்க்காரி தின்னது செரிக்காம பிள்ளை செத்துப்போச்சுன்னு எழுதிக்கோங்க.”

அவள் எழுதவில்லை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள். எனக்கு அழவும் தெம்பில்லை. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.