துரையின் வலது பக்கம்

என் அக்கா உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. சாப்பிடுவதுகூட நின்றபடிதான், ஒரு கையில் தட்டு, மறு கையில் கொட்டகைச் சாவி. அத்தான் அவளுக்குப் பம்பரம் என்று பெயர் வைத்துப் பல வருடங்கள் ஆகின்றன. பம்பரமாவது சுற்றி முடித்து ஒரு தடவை சாயும், இவள் அதுவும் செய்யமாட்டாள் என்று நான் சொல்வேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் வாத்துக் குளத்தருகே இருப்பாள்.

தன் மாமனார் விட்டுப்போன ஐந்து ஏக்கரில், எல்லோரும் கைவிட்டுவிட்ட பழைய ரகக் கோழி பத்தை வைத்துத் தொடங்கினாள். அப்புறம் குட்டைக் கால் மாடு, சுருள்கொம்பு ஆடு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. இவள் பழைய ரகங்களைக் காப்பாற்றுகிறாள் என்று பேச்சுப் பரவியதும், ஊரில் வேண்டாத பிராணிகளை எல்லாம் எங்கள் வாசலில் கொண்டுவந்து விட ஆரம்பித்தார்கள். மூன்று கால் ஆடு, முட்டை போடுவதை நிறுத்திவிட்ட வாத்துகள், தபால்காரரைக் கண்டால் மட்டும் துரத்துகிற ஒரு சேவல். இப்போது மொத்தம் அறுபத்து மூன்று உருப்படிகள். பள்ளிக்கூட பஸ்கள் வருகின்றன. விடுமுறை நாளில் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். அக்கா கழுத்தில் மைக் மாட்டிக்கொண்டு சுற்றிக் காட்டுவாள். நான் வாசலில் டிக்கெட் கிழிப்பேன், பட்டிகளுக்கு முன்னால் வைக்கிற பலகைகளை எழுதுவேன். எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும், முட்டி நன்றாக இருக்காது. அதனால் இந்த ஏற்பாடு.

துரை என்பது எங்கள் கழுதை. நடையில் ஒரு மிடுக்கு உண்டு, அதனால் அந்தப் பெயர். ஆறு வருடங்களுக்கு முன்னால் செங்கல் சூளையிலிருந்து ஒருவர் கொண்டுவந்து விட்டார். முதல் வருடம் நான் எழுதிய பலகையில் ஒரே வரிதான்: துரை, செங்கல் சூளையில் வேலை செய்தவன். யாரும் நின்று படிக்கவில்லை. பெயிண்ட் மங்கி மறுபடி எழுதும்போது, "ஓயாமல்" என்று ஒரு சொல் சேர்த்துக்கொள் என்றாள் அக்கா. துரை வலது பக்கமாக யார் போனாலும் உதைப்பான். அந்தப் பக்கம்தான் அடி விழுந்திருக்கும் என்று அவளே முடிவு கட்டினாள். அடுத்த வருடம் பலகையில் அடி ஏறியது. அவன் காது நுனி கிழிந்திருந்தது. அதற்கடுத்த வருடம் சாட்டை ஏறியது. மழை வந்தால் கொட்டகைக்குள் போகாமல் வெளியே நனைந்துகொண்டு நிற்பான். கொட்டும் மழையிலும் நிற்கவைத்து வேலை வாங்கிய பழக்கம் என்று அதற்கும் ஒரு வரி.

இதெல்லாம் யாரும் எங்களிடம் சொன்னதல்ல. அக்காவைப் பொய்க்காரி என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. கேட்பவர்களின் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சொல்கிறவளுக்குக் கதை தானாக வளர்ந்துவிடுகிறது. துரைக்கு முன்னால் பெரியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், குழந்தைகள் தங்கள் தின்பண்டத்தை நீட்டினார்கள். எழுதியது என் கை. பங்கு எனக்கும் உண்டு.

அன்றைக்கு இரண்டு பஸ்கள் வருவதாக இருந்தது, காலையில் ஒன்று, மதியம் ஒன்று. காலைக் கூட்டம் உள்ளே போனபிறகு ஒரு பெரியவர் எட்டு வயதுப் பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். இடுப்பு ஒரு பக்கம் இழுத்து நடந்தார். இரண்டு டிக்கெட் வாங்கினார்.

"கழுதை ஒண்ணு இருந்துச்சே, இருக்குங்களா?" என்று கேட்டார்.

இருக்கிறது என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "என் மாப்ளைய காட்டுறேன் வா" என்று பேத்தியை அழைத்துக்கொண்டு நடந்தார்.

அவர் பத்தடி போனபிறகுதான் எனக்கு உறைத்தது. ஆறு வருடங்களுக்கு முன்னால் இதே வாசலில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆள். அன்றைக்கும் அக்காவுக்கு ஏதோ அவசரம். அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். "நாங்க பாத்துக்குறோம், நீங்க கவலைப்படாம போங்க" என்று படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டாள்.

 பலகை இருக்கிறது. மைக்கும் இருக்கிறது. பேத்தி படிக்கத் தெரிந்தவள். டிக்கெட் பெட்டியை அப்படியே போட்டுவிட்டு, பலகையை மூடலாம் என்று ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு பின்பக்க வழியாக ஓடினேன். ஓடினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. மூன்று கால் ஆடு என்னைத் தாண்டிப் போனது.

நான் போய்ச் சேர்ந்தபோது பெரியவரும் பேத்தியும் கூட்டத்துக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள். அக்கா உச்சத்தில் இருந்தாள். இவனை வைத்திருந்த ஆளுக்கு நெஞ்சில் ஈரமே கிடையாது, சாட்டையால் அடித்து அடித்தே இவன் வலது பக்கத்தை மரத்துப்போக வைத்துவிட்டான் என்று அவள் குரல் நாலு ஒலிபெருக்கியில் போய்க்கொண்டிருந்தது. நான் கையைக் காட்டினேன். சாக்கை ஆட்டினேன். காக்கா விரட்டுகிறேன் என்று நினைத்திருப்பாள்.

பேத்தி பலகையைப் படித்தாள். உதடு அசைய, ஒரு வரி விடாமல் படித்தாள். அப்புறம் தாத்தாவைப் பார்த்தாள். அவர் மெதுவாக, எங்கள் யாருக்கும் வராத ஒரு குரலில், "மாப்ள" என்றார்.

துரையின் காது இரண்டும் எழுந்தன. கூட்டத்தையும் அக்காவையும் ஒரு பொருட்டாக மதிக்காமல் வேலியோரம் வந்து, அவர் நெஞ்சில் தலையை முட்டுக் கொடுத்து நின்றான். ஆறு வருடங்களாக நாள் தவறாமல் தீனி போட்ட என்னிடம் அப்படி ஒருநாளும் வந்ததில்லை.

அக்காவுக்கு இன்னும் விளங்கவில்லை. "ஐயா, வலது பக்கம் போகாதீங்க. அடி வாங்குன பக்கம், உதைப்பான்" என்றாள்.

"அந்தக் கண்ணு தெரியாதும்மா அதுக்கு," என்றார் அவர். "அந்தப் பக்கமா யாரு வர்றாங்கன்னு தெரியாம பயந்துக்கும். அன்னிக்கே சொல்ல வந்தேனே."

துரையின் கிழிந்த காதைத் தடவிக்கொண்டே, அது லாரிக் கதவில் மாட்டிக்கொண்டது என்றும், தையல் போடும்போது தான்தான் பிடித்துக்கொண்டு நின்றதாகவும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அக்காவின் மைக் அதையும் பிடித்து எல்லோருக்கும் கேட்க வைத்தது.

"தாத்தா, நீங்க அடிச்சீங்களா?" என்றாள் பேத்தி.

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அவர் துரையின் காதிலிருந்து கையை எடுத்தார். "அடிச்சிருக்கேன்டா. ரெண்டு தடவ. ரெண்டும் எனக்கு நெனப்பிருக்கு" என்றார்.

பேத்தி தன் கையை அவர் கையிலிருந்து உருவிக்கொண்டாள். என் அக்கா, எதற்கும் வாயில் பதில் வைத்திருக்கிறவள், அடுத்தது வாத்துக் குளம் என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தை இழுத்துக்கொண்டு போயேவிட்டாள். எனக்கு அவள்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை.

அவர் வீட்டுக்குப் போகவில்லை. வேலியோரம் ஒரு கல்லில் உட்கார்ந்தார். பேத்தி எதிர்க்கோடியில், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். துரை இரண்டு பேருக்கும் நடுவில் போய்வந்துகொண்டே இருந்தான். அக்காவும் சும்மா இருக்கவில்லை. சுத்தமாக இருந்த வாத்துத் தொட்டியை இரண்டு தடவை கழுவினாள். கோழிக்கூட்டின் பூட்டைத் திறந்தாள், மூடினாள். என் டிக்கெட் மேஜையை வேறு இடத்துக்கு இழுத்துப் போட்டாள். அவரே அடித்தேன் என்று ஒத்துக்கொண்டாரே என்று, நான் கேட்காமலே என்னிடம் சொன்னாள்.

"இத்தன வருஷமா அந்த ஆள தெனம் ரெண்டு தடவ மைக்ல வச்சு அடிச்சது நீ," என்றேன். "அந்தப் புள்ள முன்னாடி நீதான் திருத்திச் சொல்லணும்."

அவள் மேஜையை விட்டுவிட்டு நடந்தாள். நேராகப் பட்டிக்குப் போனாள். நான் பின்னால் போனேன். பெரியவருக்கு முன்னால் நின்று, அன்றைக்கு வேறு என்ன சொல்ல வந்தீர்கள் என்று கேட்டாள். அவர் யோசித்தார். தகரத்தில் மழை விழுகிற சத்தம் மாப்பிள்ளைக்கு ஆகாது, ஓலைக் கூரையாக இருந்தால் உள்ளே போய்விடும் என்று சொல்ல நினைத்தாராம். சொல்லிவிட்டு எங்கள் கொட்டகைக் கூரையை நிமிர்ந்து பார்த்தார். அது தகரம்.  ஆறு மழைக்காலங்கள் அவன் நனைந்தான், நாங்கள் அதைப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தோம்.

மதிய பஸ் வந்தது. அக்கா மைக்கை மாட்டிக்கொண்டாள். கோழி, மாடு, ஆடு எல்லாவற்றையும் பாதி நேரத்தில் முடித்துவிட்டுத் துரையிடம் வந்தாள். பேத்தி உட்கார்ந்திருந்த கோடியிலேயே கூட்டத்தைக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"இந்தப் பலகையில இருக்கிறது பொய்," என்றாள். "நானே கட்டிச் சொன்னது."

எழுதியது நான் என்பதையும் சேர்த்துச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை, அந்த மட்டில் என் அக்கா நல்லவள். பெரியவரைக் காட்டி, கண் தெரியாததைச் சொன்னாள், லாரிக் கதவைச் சொன்னாள், தகரத்தைச் சொன்னாள். கூட்டத்தில் யாரும் அழவில்லை. இரண்டு பையன்கள் கொட்டாவி விட்டார்கள். பேத்தி மட்டும் திரும்பி உட்கார்ந்தாள்.

முன்வரிசைப் பெண் ஒருத்தி கையைத் தூக்கி, "அப்ப ஏன் அவரு இங்க விட்டுட்டுப் போனாரு?" என்று கேட்டாள்.

  ஆறு வருடங்களில் அக்கா அதைக் கேட்டதே இல்லை. கழுத்திலிருந்த மைக்கைக் கழற்றிப் பெரியவர் கையில் கொடுத்தாள்.

அவருக்கு அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை. ஐஸ் குச்சி மாதிரி பிடித்துக்கொண்டு பேசினார். "எனக்கு இடுப்பு போச்சு. மாப்ளைய சூளையில வேற ஆளுக்கு மாத்தி விட்டுருவாங்க. அவனுக்குக் கண்ணு விஷயம் தெரியாது, உதைச்சா அடிப்பான். இங்க சொல்லிட்டுப் போனா கேட்டுப் பாத்துக்குவாங்கன்னு ரெண்டு நாள் நடத்திக் கூட்டிட்டு வந்தேன்."

குத்தலாக ஒரு சொல்லும் இல்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. அக்கா தீனித் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். பேத்தி எழுந்து வந்து, துரைக்கு இடது பக்கமாகச் சுற்றி, தாத்தாவின் அருகில் நின்றாள். கையைக் கொடுக்கவில்லை. அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

புதுப் பலகையில் என்ன எழுத வேண்டும் என்று கிளம்பும்போது அவரிடம் கேட்டேன். நல்லா வேலை பார்த்துச்சுன்னு எழுதுங்க என்றார். அதோடு, இடது பக்கமாக வரவும் என்று ஒரு வரி நான் சேர்த்தேன். அடுத்த வாரமே அத்தான் தகரத்தை இறக்கிவிட்டு ஓலை வேய்ந்தார்.

போன வாரம் ஒரு அம்மா ஒரு ஜோடி முயல்களைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்தார். அக்கா அவருக்கு ஒரு நாற்காலி போட்டாள், தனக்கும் ஒன்று போட்டுக்கொண்டாள். அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். அவர் நிறுத்தும்போதெல்லாம் "வேற?" என்று கேட்டாள். முக்கால் மணி நேரம் அப்படிப் போனது. கடைசியில் அந்த அம்மாவுக்கே சொல்ல ஒன்றுமில்லாமல் போய்விட்டது. மேஜைக்கு அடியில் அக்காவின் கால் நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்ததை நான் பார்த்தேன். ஆனால் அவள் எழுந்திருக்கவில்லை.