அச்சுக்குப் பெயர் எழுதாத படம்

கணினியில் ஒரு வரைபடம் போட உட்கார்ந்தால், கோட்டையும் நிறத்தையும் தொடுமுன் ‘அச்சின் தலைப்பு’ என்று காலியாக நிற்கும் பெட்டியைத்தான் முதலில் நிரப்புவேன். நெட்டச்சு எதை அளக்கிறது, கிடையச்சு எதை அளக்கிறது என்று எழுதிய பிறகுதான் எனக்கு மூச்சு வரும். அலுவலகத்தில் இதற்காக என்னைக் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். ஒன்பது வயதில் நான் பட்ட பாடு அவர்களுக்குத் தெரியாது.

அப்பாவுக்குத் தமிழ் வாத்தியார் வேலை கிடைத்து நாங்கள் மொரீஷியஸுக்கு வந்து, ரோஸ் ஹில்லில் குடியேறிய இரண்டாம் வருடம், அம்மாவின் தம்பியும் எங்களோடு வந்து சேர்ந்தார். தீவெங்கும் சட்டைத் தொழிற்சாலைகள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. அப்படி ஒன்றில் மாமாவுக்குக் கணினி வேலை. பக்கத்து வீட்டுத் தாந்தீனும் அங்கேதான் நாலாம் வரிசையில் காலர் தைத்தார். தாந்தீன் என்றால் கிரியோலில் அத்தை. தமிழ்க் குடும்பம்தான், ஆனால் அவர் வாயில் தமிழ் என்பது கோவில் பாட்டோடும் ‘அக்கா’வோடும் முடிந்துவிடும். பள்ளி விட்டு வந்தால் அவர் வீட்டில்தான் பாதி நேரம் கிடப்பேன். அவர் செய்யும் சீனிக்கிழங்கு கத்தோப் பலகாரத்தை மாமா ஒரே இருப்பில் ஆறு தின்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை தாந்தீன் வேலை முடிந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். முகம் வாடியிருந்தது. “அக்கா, லாலிஞ் கத் பூ ஃபெர்மே?” என்று அம்மாவிடம் கேட்டார். நாலாம் வரிசையை மூடப்போகிறார்களா என்று கேள்வி. ஆர்டர் குறைந்துவிட்டதாம். நாலில் ஒரு வரிசையை நிறுத்தி, அதிலிருக்கும் பெண்களை வீட்டுக்கு அனுப்பப்போகிறார்களாம். எதை என்று திங்கட்கிழமை முடிவாகுமாம்.

“தம்பிகிட்ட கேக்கறேன், நீங்க பயப்படாதீங்க” என்றாள் அம்மா.

மறுநாள் பள்ளிக்கூடம் இல்லாததால் மாமா என்னையும் தொழிற்சாலைக்குக் கூட்டிப்போனார். அவருடைய அறையில் பேனா பிடித்துப் படம் போடும் எந்திரம் ஒன்று இருந்தது. பிளாட்டர் என்பார். ஒவ்வொரு பேனாவாகத் தானே எடுத்து, சரசரவென்று கோடு இழுத்து, தானே திரும்ப வைக்கும். நாலு வரிசைகளுக்கு நாலு கோடுகள், ஆறு மாதக் கணக்கு.

“நீயே சொல்லு, யாருக்கு எந்தக் கலர்?” என்றார் மாமா.

நாலாம் வரிசைக்குச் சிவப்பு என்றேன். குங்குமத்தின் நிறம், தாந்தீனுக்கு நல்லது நடக்கட்டும் என்று. இரண்டாம் வரிசைக்கு நீலம். கடைசியில் எந்திரம் மூலையில் சின்னப் பெட்டி ஒன்றைப் போட்டது. “இதான் லெஜண்டு. எந்தக் கலர் எந்த லைன்னு சொல்ற பொட்டி. இது இல்லன்னா படம் ஊமை” என்றார்.

நான் பெட்டியைப் பார்க்கவில்லை, படத்தைத்தான் பார்த்தேன். நீலம் ஜம்மென்று எல்லோருக்கும் மேலே போனது. சிவப்பு எல்லோருக்கும் கீழே, தரையோடு தரையாகக் கிடந்தது. வகுப்பில் கடைசி ரேங்க் வாங்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா?

மாமா தாளைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. படத்தை மாற்றச் சொன்னால் மாமா திட்டுவார், சொல்லாவிட்டால் தாந்தீனுக்கு வேலை போய்விடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமா தூங்கியதும், அப்பா பிழை திருத்த வைத்திருக்கும் வெள்ளை மையை எடுத்தேன். கோட்டைத் தொட எனக்குத் துணிவில்லை. பெட்டியில் மட்டும் 4ஐயும் 2ஐயும் அழித்து, ஊதி ஊதிக் காயவைத்து, மாற்றி எழுதினேன். எந்திரத்தின் கோணல் 4 வருவதற்குப் பழைய நோட்டில் ஒரு பக்கம் பழகிக்கொண்டேன். ஏன் இரண்டாம் வரிசை என்றால், அதுதான் மேலே இருந்தது. அதில் எனக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை என்பதும் ஒரு காரணம். நல்ல பிள்ளைதான் நான்.

திங்கட்கிழமை மாமா தாளோடு போனார். பள்ளியில் யார் கூப்பிட்டாலும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாயங்காலம் மாமா வந்து, யாரோடும் பேசாமல் குளிக்கப் போனார். பிடிபட்டுவிட்டேன் என்று நினைத்துக் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் போய் உட்கார்ந்துகொண்டேன். அவர் என்னைத் தேடவேயில்லை.

செவ்வாய்க்கிழமை தாந்தீன் ஒரு தட்டு நிறையக் கத்தோவோடு வந்து, மாமாவின் தட்டில் வழக்கமான ஆறை எடுத்து வைத்தார். “நூ லாலிஞ் ரெஸ்தே!” எங்கள் வரிசை தப்பித்துவிட்டது, மூடவில்லை என்று அம்மாவைக் கட்டிக்கொண்டார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். அப்போதுதான் தாந்தீன் முந்தானை இல்லாததால் சட்டைக் கையாலேயே கண்ணைத் துடைத்தார். “மே மோ தீ ஸேர்...” ஆனால் என் தங்கச்சி, என்று மேலே சொல்ல முடியாமல் நின்றார். மூடப்பட்டது இரண்டாம் வரிசை. அவருடைய தங்கை அங்கே பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாளாம்.

பத்து வருடம் அந்தக் குற்றத்தை நான் சுமந்தேன். அந்தத் தங்கையைத் தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் தாண்டிவிடுவேன். பத்தொன்பது வயதில் ஒரு நாள் தாங்க முடியாமல் மாமாவிடம் அழுதுகொண்டே சொன்னேன்.

மாமா முதலில் விழித்தார், பிறகு சிரித்தார். “அடிப்பாவி! அத அன்னிக்குக் காலைலயே பாத்துட்டேன். வேற தாள் போட்டுத்தான் மீட்டிங்குக்குக் கொண்டுபோனேன். அந்தப் படம் தப்பு தச்ச சட்டைங்களோட கணக்குடி. மேல போனாத் தப்பு ஜாஸ்தி. நீ மாத்தினத காட்டியிருந்தா, போனது தாந்தீனோட லைனுதான்.”

“என்னை ஏன் திட்டல மாமா?”

“அச்சுல எழுதாம விட்டது என் தப்பு.” சிரிப்பு நின்றிருந்தது. “அதுவுமில்லாம, நான் போட்ட படத்தப் பாத்துதான் அந்த லைன மூடினாங்க. அன்னிக்கு யாரையும் திட்டற நிலைமைல நான் இல்ல.”

அன்று என் மனம் லேசானது உண்மை. ஆனால் எழுந்து வந்த பிறகு அந்தக் கத்தோத் தட்டு நினைவுக்கு வந்தது. அன்றைக்கு வாயில் போட்டதை விழுங்க முடியாமல், யாரும் என் முகத்தைப் பார்த்துவிடக் கூடாதே என்று எதிரில் இருந்த மாமாவின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாந்தீன் வைத்த ஆறும் அப்படியே இருந்தன. அந்த வீட்டில் குற்றம் செய்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்த எனக்கு, பாவம், மாமாவுக்கு வயிறு சரியில்லை என்று மட்டும்தான் அப்போது தோன்றியது.