நாற்பத்துநான்கு இறாத்தல்

என் அக்கா அருளம்மாவுக்குக் கொக்கிளாய்க் கடல் தெரியும், களப்பு தெரியும், ஆகாயக் கப்பலைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. எனக்கும்தான். 1955இல் அவளுடைய மகள் றெஜினா திருச்சியில் பிள்ளை பெற்றாள். பார்க்கப் போவதற்குப் பலாலியிலிருந்து பிளேன் ரிக்கற்றும் எடுத்தாயிற்று. புறப்படுகிற கிழமை கடிதம் வந்தது: பால் காணாது, குழந்தை அழுதபடி, பால் சுரக்க அம்மாவின் சுறாக் கருவாடு கிடைத்தால் நல்லது.

ரிக்கற்றோடு வந்த பேப்பரைப் பங்குச் சாமியார் வாசித்துச் சொன்னார். பெட்டியின் நிறை நாற்பத்துநான்கு இறாத்தலுக்கு மேல் கூடாது. தீப்பெட்டி, மண்ணெண்ணெய், துவக்கு வெடி கூடாது.

"கருவாடு எண்டு எழுதிக் கிடக்கோ, சுவாமி?"

"இல்லைப் பிள்ளை."

"அப்ப கொண்டு போகலாம்" என்று அக்கா முடிவு கட்டினாள். பிஸ்கற் தகரத்துக்குள் சுறாவை அடுக்கி, வாயைத் தேன்மெழுகால் அடைத்தாள். மூக்கை வைத்துப் பார்த்தேன், ஒரு மணமும் இல்லை.

தகரமும் உடுப்பும் வைத்த பெட்டியை, மீன் வாங்குகிற மத்தேயு முதலாளியின் வாடிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ஊர் மீன் எல்லாம் அவருடைய தராசில்தான் நிறுபடும். றெஜினாவுக்கு ஞானத் தகப்பனும் அவர்தான். "என்ரை பிள்ளைக்கல்லோ!" என்று ஆசையாய்த் தானே தூக்கி வைத்தார். முள் நாற்பத்துநான்கில் நின்றது. அக்கா சிலுவை போட்டுக்கொண்டாள்.

பலாலியில் அதே பெட்டி ஐம்பது காட்டியது.

"ஆறு இறாத்தல் கூட, அம்மா. பிளேன் நிறைஞ்சு போச்சு, ஏத்தேலாது. அந்தத் தகரத்தை விட்டிட்டுப் போங்கோ" என்றார் பெட்டியைத் திறந்து பார்த்த உத்தியோகத்தர்.

"உங்கடை தராசு பிழை, தம்பி!"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கே ஆட்களையும் நிறுப்பார்களாம். அக்காவை ஏறி நிற்கச் சொன்னார். சரியாக நூறு. போன கிழமை முல்லைத்தீவு ஆஸ்பத்திரியில் நிறுத்தபோதும் நூறுதான்.

அக்காவின் முகம் செத்துப்போயிற்று. "அப்ப எங்கடை அவர்..." என்றாள். அத்தான் கடலோடு போய்ச் சேர்ந்து நாலு வருஷம். அவர் பிடித்த மீன் முழுவதும் எந்தத் தராசில் ஏறியது என்று எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அவள் கண்ணைத் துடைத்துவிட்டுப் பெட்டியை மறுபடி திறந்தாள். சீலை, சட்டை, போர்வை, செபப் புத்தகம் என்று ஒவ்வொன்றாக எடுத்து என் மடியில் போட்டாள். தகரத்தைத் தொடவில்லை. முள் நாற்பத்துநான்குக்கு வந்தது.

"அக்கா, மாத்துச் சீலைக்கு என்ன செய்வாய்?"

"அவளின்ரையைக் கட்டுவன். பேசாமல் போடி."

உடுத்த சீலையோடு பறந்து போனாள். பத்தாம் நாள் கடிதம் வந்தது. குழந்தை இப்போது வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்குகிறதாம்.

ஒரு மாதம் கழித்து அக்கா திரும்பினாள். வரும்போதும் முல்லைத்தீவில் இறங்கி ஆஸ்பத்திரித் தராசில் ஏறிப் பார்த்துக்கொண்டுதான் வந்தாள். அதே நூறு. வந்தவள் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே வாடிக்குப் போனாள். வள்ளங்கள் கரைக்கு வந்திருந்த நேரம், மீனோடு ஆட்கள் வரிசையாக நின்றார்கள்.

"வா, வா! என்ரை பிள்ளை சுகமோ?" என்று முதலாளி கேட்டார். அந்தக் கேள்வியில் கள்ளம் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"சுகம், முதலாளி. என்னை ஒருக்கால் நிறுங்கோ" என்று அக்கா தராசில் ஏறி நின்றாள்.

முள் எண்பத்தெட்டில் நின்றது.

"அட, திருச்சிச் சாப்பாடு ஒத்துவரேல்லையே? மெலிஞ்சு போனாய், அருளம்மா!"

"ஓம், முதலாளி" என்றாள் அக்கா, எல்லோருக்கும் கேட்கத்தக்கதாக. "ஆஸ்பத்திரியிலை இண்டைக்கு விடிய நூறு. உங்கடை வாடிக்குள்ளை வந்தவுடனை பன்னிரண்டு இறாத்தல் மெலிஞ்சு போனன். என்ரை மனிசன் பிடிச்ச மீனும் இப்பிடித்தான் மெலிஞ்சது."

வரிசையில் முதலாவதாக நின்றவர் தன் மீன்கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். பிறகு அடுத்தவர் போனார்.