கடைசியில் இறங்குபவள்

பணிமனையில் அவளுக்கு விசில் என்று பெயர். அம்மா அப்பா ஆசையாக வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. அது சம்பள நாளில் மட்டும் வெளியே வரும். நகரப் பேருந்தில் இருபது வருடத்துக்கு மேலாகக் கண்டக்டர். அவள் இரண்டு முறை ஊதிவிட்டால் டிரைவர் வண்டியை எடுத்தே ஆக வேண்டும். ஒரு காலைப் படியில் வைத்து மறுகாலைத் தரையில் மறந்தவர்கள், இரண்டையும் தாங்களேதான் ஒன்று சேர்த்துக்கொள்ள வேண்டும். ஓடி வருகிறவர்களைப் பார்த்து, "பின்னாடியே இன்னொரு வண்டி வருது" என்பாள். வராது என்று அவளுக்கும் தெரியும், ஓடுகிறவருக்கும் தெரியும். சொந்த மாமியாரையே நிறுத்தத்தில் விட்டுவிட்டுப் போனவள் என்று ஒரு கதை உலவியது. அவளைக் கேட்டால் பொய் என்பாள். மாமியாரைக் கேட்டால் தேதியோடு சொல்வார்.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகுதான் அவள் இறங்குவாள். ஒவ்வொரு இருக்கைக்கும் அடியில் குனிந்து பார்ப்பாள். குடை கிடைக்கும், சாப்பாட்டு டப்பா கிடைக்கும். ஒருமுறை ஒரு பல்செட் கிடைத்தது. அது தன்னைப் பார்த்துச் சிரித்தது என்று இன்றுவரை சாதிக்கிறாள்.

அப்படிப்பட்டவள் அன்று விமான நிலையத்தில் வெறும் பயணியாக உட்கார்ந்து, அறிவிப்புப் பலகையை முறைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய விமானத்துக்கு எதிரே 'தாமதம்' என்று சிவப்பில் எழுத்து வந்திருந்தது.

அவள் தங்கை இரண்டு மாதத்துக்கு முன்னால் இறந்துபோனாள். தங்கை புருஷன் அதற்கும் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டவன். மிச்சம் இருப்பது ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்றுதான். கடுகு என்று கூப்பிடுவார்கள். தூரத்து நகரத்தில் பக்கத்து வீட்டு அம்மாள் அதை வைத்திருந்தார். குழந்தையின் சித்தப்பாவுக்குக் கப்பலில் வேலை. ஏதாவது ஒரு விடுதியில் சேர்த்துவிட்டுக் கிளம்பிவிடலாம் என்பது அவர் எண்ணம். நான் வளர்க்கிறேன் என்று இவள் நீதிமன்றத்தில் கேட்டிருந்தாள். முந்தின நாள் சாயங்காலம் வக்கீல் போன் செய்தார்.

"விசாரணையை முன்னாடி இழுத்துட்டாங்கம்மா. நாளைக்கு மதியம் மூணு மணி. நீங்க நேர்ல வந்து நிக்கணும். நிக்கலேன்னா சித்தப்பா கேட்டபடி விடுதிக்கு உத்தரவு ஆயிடும். அப்புறம் அதைத் திருப்பறதுக்குள்ள குழந்தைக்குக் கல்யாண வயசு வந்துடும்."

நேர் விமானம் கிடையாது. இரண்டு கம்பெனியில் இரண்டு டிக்கெட் எடுத்துக்கொடுத்தது அவளுடைய வண்டி டிரைவர். "நடுவுல அம்பது நிமிஷம்தான் இருக்குக்கா. போதுமா?" என்று அவர் கேட்டபோது, "வண்டி விட்டு வண்டி மாற அம்பது நிமிஷமா? அதுக்குள்ள ஒரு தூக்கம் போட்டு எழுந்துடலாம்" என்று சிரித்தவள் இவள்தான்.

இப்போது அந்த ஐம்பதைப் பலகை கொஞ்சம் கொஞ்சமாகக் கொறித்துக்கொண்டிருந்தது. எழுந்து கவுண்டருக்குப் போனாள். அங்கே கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிய பெண் ஒருத்தி நின்றாள்.

"எப்பம்மா எடுப்பாங்க?"

"இன்னும் பத்தே நிமிஷம் மேடம்."

"பாப்பா, நானும் இந்தத் தொழில்தான். பத்து நிமிஷம்னு நான் சொன்னா டிரைவர் இன்னும் டீயே வாங்கலைன்னு அர்த்தம். உண்மையைச் சொல்லு."

அந்தப் பெண் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "விமானமே இன்னும் இங்க வந்து சேரலைம்மா."

"எனக்கு அங்க வேற விமானம் பிடிக்கணும். அவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிடேன். நிறுத்தி வைப்பாங்க இல்ல?"

"அது வேற கம்பெனி. டிக்கெட்டும் தனித்தனி. எங்க பேச்சை அவங்க கேக்க மாட்டாங்கம்மா."

"அதை விட்டா?"

"அடுத்தது சாயங்காலம்தான்."

அந்தப் பெண் கெட்டவள் இல்லை. முன்வரிசையில் ஒரு இடம் தேடினாள், இல்லை. இரண்டாவது விமானத்துக்கான போர்டிங் பாஸை அவளுடைய போனிலேயே எடுத்துக்கொடுத்தாள். பிறகு தயங்கி, "லக்கேஜ் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"ஒரு பை. குழந்தைக்கு வாங்கின துணி."

"அதை எடுக்க நின்னீங்கன்னா விமானம் போயிடும்."

"கிடக்கட்டும்" என்றாள் விசில். இரண்டு கடை ஏறி இறங்கி, அளவு தெரியாமல், கடைக்காரியின் மகளை நிற்க வைத்துப் பார்த்து வாங்கிய துணிகள்.

போன் அடித்தது. பக்கத்து வீட்டு அம்மாள் குழந்தையிடம் கொடுத்திருந்தார்.

"பெரியம்மா, நான் ஷூ போட்டுட்டேன். எங்க இருக்கீங்க?"

"வந்துட்டே இருக்கேண்டா."

நாற்காலியை விட்டே எழுந்திருக்காத ஒருத்தி சொல்கிற வார்த்தை. வண்டியைப் பிடித்து வைக்கச் சொல்லி வீட்டிலிருந்து போனில் பேசுகிற எத்தனையோ பேரின் இதே வார்த்தைக்கு அவள் சிரித்திருக்கிறாள். இப்போது நகத்தைக் கடித்தாள். கடிக்க நகம் இல்லாமல் போனதும் விரலைக் கடித்தாள்.

விமானம் ஒருவழியாக மேலே ஏறியபோது அந்த ஐம்பதில் மிச்சம் இருந்தது பத்து நிமிடமோ என்னவோ. பக்கத்து இருக்கையில் ஒரு பெரிய மனிதர். பெரிய என்றால் அகலத்தில். அவர் தும்மினால் முன்வரிசைக்காரர்களின் தலைமுடி கலைந்தது.

"வாயை மூடிக்கிட்டுத் தும்ம மாட்டீங்களா சார்?"

"நீங்க காலை ஆட்டறதை நிறுத்துங்க, நான் தும்மறதை நிறுத்தறேன். விமானத்தை நீங்கதான் மிதிச்சு ஓட்டற மாதிரி இருக்கு."

காரணத்தைச் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் தும்மாமல் இருந்தார். அது அவருக்குப் பெரிய தியாகம். அவரும் அதே இரண்டாவது விமானத்துக்குத்தான் போகவேண்டியவர் என்று அப்போதுதான் தெரிந்தது. "எனக்கு அவசரம் ஒண்ணுமில்லை. மச்சான் வீட்டுக்குப் போறேன். லேட்டானா அவருக்கும் சந்தோஷம்தான்" என்றார்.

தரை இறங்கியது. விமானம் நிற்பதற்கு முன்பே எல்லோரும் எழுந்து நடைபாதையை அடைத்துக்கொண்டார்கள். மாற்று விமானம் பிடிக்கிறவர்களுக்கு வழி விடும்படி பணிப்பெண் மென்மையாகக் கேட்டுப் பார்த்தாள். அவரவர் பையை இழுப்பதில் மும்முரமாக இருந்தார்கள். விசிலுக்கு முன்னால் பதினைந்து வரிசை. அப்போது வாய் தானாகத் திறந்தது.

"வேற வண்டி மாறறவங்க மட்டும் முன்னாடி வா! மத்தவங்க எல்லாம் உக்காரு! உக்காருன்னு சொல்றேன் இல்ல, பெரியவரே, உங்களைத்தான்!"

விமானமே உட்கார்ந்தது. விமானி அறைக்குள்ளே துணை விமானிகூட உட்கார்ந்துவிட்டார் என்று சொல்பவர்கள் உண்டு. நடைபாதை காலியானது. விசில் கதவுவரை ஓடினாள். அங்கே போனதும் என்ன செய்தாள் தெரியுமா? நின்றுவிட்டாள். கதவோரம் முதுகைச் சாய்த்து, கையை வீசி, "சீக்கிரம் இறங்கு, பார்த்து, பையை இடிக்காதே, அடுத்த ஆள் வா" என்று ஒவ்வொருவராக இறக்கிவிட்டாள். தும்மல்காரர் இறங்கினார். கைக்குழந்தைக்காரி இறங்கினாள். வண்டி மாறுகிற கடைசி ஆளும் போன பிறகு, பழக்க தோஷத்தில் குனிந்து இருக்கைக்கு அடியில் பார்த்தாள்.

பணிப்பெண் அவள் தோளைத் தொட்டாள். "மேடம், நீங்களும் வேற விமானம் பிடிக்கணும் இல்ல?"

தன் தலையில் தானே அடித்துக்கொள்ளக்கூட நேரம் இல்லை. ஓடினாள். கண்ணாடிச் சுவர்களும் கடைகளும் நகரும் நடைபாதைகளும் பின்னால் போயின. லக்கேஜ் சுற்றும் இடத்துக்குப் போகிற அம்புக்குறியை ஒரு கணம் பார்த்தாள். திரும்பி எதிர்ப்பக்கம் ஓடினாள். செருப்பு வார் அறுந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். கடைசி நிமிடத்தில் ஓடி வருகிறவர்களின் முகம் ஏன் அப்படிக் கோணிக்கொண்டிருக்கிறது என்று இத்தனை வருடம் கேலி செய்திருக்கிறாள். கடைக் கண்ணாடியில் அதே முகம் அவள் கூடவே ஓடி வந்தது.

வாசலில் இருந்த ஆள் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"மூடியாச்சும்மா. கடைசி பஸ் எடுத்தாச்சு."

"குழந்தையை விடுதிக்கு அனுப்பிடுவாங்க தம்பி! மூணு மணிக்கு நான் அங்க நிக்கணும். காலைப் பிடிச்சுக் கேக்கறேன்!"

"சாயங்காலம் இன்னொரு விமானம் இருக்கும்மா."

பின்னாடியே இன்னொரு வண்டி. விசிலின் கை கழுத்துக்குப் போனது. ஒரே ஒரு ஊதல் ஊதினால் எந்த டிரைவரும் பிரேக்கை மிதிப்பான். கழுத்தில் ஒன்றும் இல்லை. லீவு எழுதிக்கொடுத்தபோது விசிலையும் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். பயணிகளை விமானத்துக்கு ஏற்றிப் போகிற அந்த பஸ் போகவில்லை. கதவு மூடுகிறது, திறக்கிறது, மறுபடி மூடுகிறது, திறக்கிறது. படியில், ஒரு கால் உள்ளே ஒரு கால் வெளியே என்று, கதவை முழுசாக அடைத்துக்கொண்டு தும்மல்காரர் நின்றிருந்தார். டிரைவர் கத்திக்கொண்டிருந்தார். இவர் பதிலுக்குத் தும்மிக்கொண்டிருந்தார்.

வாசல்காரனின் வாக்கிடாக்கி கரகரத்தது. "ஒரு ஆளு படியை விட்டு நகர மாட்டேங்கறாருப்பா. இன்னொரு அம்மா வரணுமாம். இருந்தா அனுப்பித் தொலை!"

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். கையில் செருப்பு. போனை வாங்கிப் பார்த்தான். கயிற்றை அவிழ்த்தான்.

மூச்சு இரைக்க பஸ் அருகே வந்தவள் முதலில் சொன்னது நன்றி இல்லை. "படியில நிக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது!"

"உள்ள வாங்க தாயே" என்றார் தும்மல்காரர்.

நீதிமன்றத்தில் அவள் பெயரை, சம்பள நாளில் மட்டும் வருகிற அந்தப் பெயரை, இரண்டாவது முறையாகக் கூப்பிடும்போது அவள் கதவில் நின்றாள். ஏன் தாமதம் என்று நீதிபதி கேட்டார். "முதல் வண்டி லேட்டுங்க" என்றாள். வேறு எதுவும் வாயில் வரவில்லை. சித்தப்பாவைக் கேட்டார்கள், அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எனக்கு ஆட்சேபணை இல்லை என்றார். பிறகு நிறையப் பேசினார்கள். அவளுக்குக் காதில் விழுந்தது, குழந்தை பெரியம்மாவிடமே வளரட்டும் என்ற கடைசி வரி மட்டும்தான்.

வெளியே வராந்தாவில் இருந்த கடுகு ஓடி வந்து கட்டிக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டு அம்மாளின் பின்னால் நின்று, விசிலின் வெறுங்காலைப் பார்த்தது.

"உங்க ஷூ எங்க?"

"அறுந்து போச்சு."

"நான் காலையிலேருந்து போட்டிருக்கேன்."

"தெரியும்டா. லேட்டாயிடுச்சு." அதற்கு மேல் சாக்கு எதுவும் சொல்லவில்லை.

கடுகின் துணிமணி எடுக்கப் பக்கத்து வீட்டு அம்மாளின் வீட்டுக்கு டவுன் பஸ் ஏறினார்கள். கூட்டம். கண்டக்டர் சின்னப் பெண், எரிச்சலில் இருந்தாள். "சில்லறையா கொடுங்க, எத்தனை பேர், சீக்கிரம் சொல்லுங்கம்மா!"

பக்கத்து வீட்டு அம்மாள் தன் டிக்கெட்டை வாங்கிவிட்டார். விசில் பர்ஸைப் பிடித்தபடி நின்றாள். டிக்கெட் வாங்கிப் பழக்கமே இல்லை அவளுக்கு. கடுகு கூட்டத்தில் நசுங்காமல் இருக்க அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டது.

"ஒரு முழுசு" என்றாள் விசில். குனிந்து கடுகைப் பார்த்தாள். "ஒரு அரை."